என்னைக் கேக்காத கணக்கெடுப்பு

கழுத்துல அட்டை தொங்குது, மடியில சிலேட்டாட்டம் கம்ப்யூட்டர் டேப்பு இருக்குது. அப்ப நீங்க ஊடு ஊடாப் போயிக் கேள்வி கேக்கற ஆளுதானுங்களே? நெனச்சேன். ஆளைப் பாத்ததும் சொல்லிருவேன், என்ற தொழிலு அப்படி.

எதைப் பத்திங்க கேக்கறீங்க? கொசுவா? கொசுவும் காய்ச்சலுமா. செரிங்க, கொசு பரவால்ல. கொசுவைப் பத்திக் கேட்டா எந்தக் குடும்பத்துலயும் சண்டை வராது. எங்க ஊட்டுக்கு வந்தது பொகையிலைக் கணக்கெடுப்பு. அதைப் பத்தி உங்களாட்டம் ஒரு ஆளுகிட்டக் கேக்கோணும்னு ரொம்ப நாளா இருந்தனுங்க. காங்கயத்துலதான எறங்கறீங்க? நாங்க அதுக்கும் மேல, தாராபுரம். அப்ப நேரம் கெடக்குது. நல்லாச் சாஞ்சு ஒக்காருங்க.

என்ற பேரு நாச்சிமுத்து. ஈரோடுதான். செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர்டு ஆனவனுங்க. பாதி வழியில கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறி, டிக்கெட் எடு, டிக்கெட் எடும்பாங்கல்ல, அந்தாளு. டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பாத்தே புடிச்சிருவேன். எடுக்காதவன் சன்னலுக்கு வெளிய அப்படி ஒரு அக்கறையா வேடிக்கை பாப்பானுங்க, அங்க என்னமோ தேரோட்டம் நடக்கறாப்புல. என்ற கண்ணுக்குத் தப்புனவன் கெடையாது.

அதா, முன்னால லேடீஸ் சீட்டுல பச்சைச் சேலை தெரியுது பாருங்க, அவதான் என்ற சம்சாரம், வசந்தாமணி. எங்கூட ஒக்காரமாட்டா. பஸ்ஸுல ஏறுனா நான் பக்கத்து ஆளுகிட்டப் பேச ஆரம்பிச்சிருவனாம், அவளுக்குத் தலைவலி வருமாம். நீங்களே சொல்லுங்க, நானா பேசறேன்?

அப்பல்லாம் நான் சிகரெட் புடிப்பனுங்க. ஆனா அதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கும். ட்யூட்டியில பஸ்ஸுக்குள்ள ஒருத்தன் பத்த வெச்சான்னா அவனை எறக்கி உட்டுட்டுத்தான் மறுவேலை. பொம்பளைங்க இருக்கறாங்க, குழந்தைங்க இருக்குது, உனக்கு அறிவில்லையான்னு கேட்டுத்தான் எறக்குவேன். ஊட்டுலயும் அப்படியே, கண்ட எடத்துல புடிக்கறதில்ல. ஹால்ல சன்னல் ஓரமா என்ற சேரு. சன்னலைத் தொறந்து வெச்சு, ஃபேனைப் போட்டுட்டுத்தான் பத்த வெப்பேன். மழை பேஞ்சா சன்னலைச் சாத்தித்தான ஆகோணும், அது வேற. காத்தால காப்பிக்கு முன்னால ஒண்ணு, கட்டில்லயே. அதெல்லாம் சேத்தி இல்லீங்க, அது கண்ணு முழிக்கறதுக்கு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஆறேழு மாசம் முந்தி ரெண்டு தலைவலி ஒண்ணா வந்துச்சு. மொதத் தலைவலி சம்மந்தி ஊட்டுல இருந்து. என்ற மக கோகிலவாணியைத் தாராபுரத்துல குடுத்திருக்குது. மாப்பிள்ளை விதைக்கடை வெச்சிருக்காரு, தங்கமான பையன். புள்ளை முழுகாம இருந்தா. தலைப்பிரசவம் அம்மா ஊட்டுலதானுங்களே? கட்டுச்சோறு ஆக்கிப் போட்டு, ஒறம்பரையெல்லாம் வந்து, மகளைக் கூட்டீட்டு வர்றதுதான நம்ம பக்கத்து வழக்கம்? நான் நாளெல்லாம் பாத்து வெச்சுட்டேன். அப்பப் பாத்து அங்கிருந்து போனு வருது, இப்பக் கூட்டீட்டுப் போகவேண்டாம், இங்கயே பிரசவம் பாத்துக்கறோம், நல்ல டாக்டர் இருக்காங்கன்னு.

எனக்கு எப்படி இருக்கும்? எங்க ஊட்டுல சோறில்லைன்னு நெனச்சுட்டாங்களா, ஈரோட்டுல இல்லாத டாக்டரா தாராபுரத்துலன்னு சம்மந்திகிட்டப் போனுலயே கேட்டுட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். அந்த மனுசன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, 'அம்மிணி இஷ்டமுங்க'ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வெச்சுட்டாரு. அம்மிணி இஷ்டமாம். பெத்த ஊட்டுக்கு வர இஷ்டமில்லாத புள்ளை இருக்குதுங்களா? எனக்குத் தெரியும், அவங்கதான் அனுப்பல. இவளுக்குக் கோவம் வரோணுமில்லீங்க, பெத்தவ? அடுப்படியில வெங்காயம் உரிச்சுட்டு நிக்கறா. நீ ஒரு வார்த்தை கேக்கமாட்டயான்னேன். பேசறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களேன்னுட்டு, ரெண்டு இருமு இருமிட்டு, மறுபடியும் வெங்காயம்.

அந்த இருமலு அவளுக்கு ரொம்ப நாளா உண்டு. வறட்டு இருமல். பக்கத்துல தறி ஓடுது, பஞ்சு தூசி. நானே எத்தனையோ தடவை மருந்துக்கடையில டானிக்கு வாங்கிக் குடுத்திருக்கேன். நான் பாக்கலைன்னு யாரும் சொல்லமுடியாது.

அப்பத்தான் ரெண்டாவது தலைவலி, கணக்கெடுக்கற பொண்ணு வந்துச்சு. பேரு பெனிட்டா, திருநெல்வேலிப் பக்கம். சென்னையில ஏதோ ஆராய்ச்சி நிலையம் அனுப்பிச்சதாம். வீதி முச்சூடும் ஊட்டுக்கு நம்பர் போட்டு, அதுல சிலதை மட்டும் எடுத்திருக்காங்க. எங்க ஊடு அதுல வந்துருச்சு. எதுத்தாப்புல இருக்கற தாசில்தாரு ஊடு வரல, எங்க ஊடு வந்துச்சுன்னா சும்மாவா? உள்ள கூப்பிட்டு ஒக்கார வெச்சு, வசந்தாமணி, காப்பி போடுன்னேன்.

ஊருல எத்தனை பேரு சிகரெட்டு, பீடி புடிக்கறாங்க, எத்தனை பேரு பொயிலை மெல்லறாங்க, புடிக்காத ஆளுங்க எத்தனை பேரு அந்தப் பொகைக்குள்ள இருக்காங்க, இதைக் கணக்கெடுக்கறோம்னு சொல்லுச்சு. எல்லாரையும் கேக்க முடியாதாம். கொஞ்சம் பேரைக் கேட்டு, அதை வெச்சு ஊருக்கே கணக்குப் போடுவாங்களாம். பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம், அதுதான அம்மிணின்னேன். அது சிரிச்சுட்டு, ஆமா சார், ஆனா மேலாகக் கெடக்கற சோத்தையே எடுத்துப் பாக்கக்கூடாது, பானையை அடி வரைக்கும் கெளறிட்டு எடுக்கணும்னு சொல்லுச்சு. கெட்டிக்காரப் பொண்ணுன்னு அப்ப நெனச்சேன்.

ஊட்டுல பெரியவங்க யாராருன்னு கேட்டுச்சு. நானும் அவளும்தான். ரெண்டு பேரு பேரையும் டேப்புல போட்டு ஒரு அமுக்கு அமுக்குச்சு. நான் கண்ணாடியைத் தொடச்சு மாட்டிக்கிட்டு, தொண்டையைக் கனைச்சுட்டு ரெடியா ஒக்காந்துட்டேன். டேப்பைப் பாத்துட்டு, அம்மாவைத்தான் எடுத்திருக்கு சார்ங்குது.

எனக்கு ஒண்ணும் புரியல. அம்மிணி, நீ கேக்க வந்தது சிகரெட்டைப் பத்தி. சிகரெட் புடிக்கறவன் இங்க ஒக்காந்திருக்கேன். அவ அடுப்படியில இருக்கறா. அவளுக்கு என்ன தெரியும், எங்கிட்டக் கேளுன்னேன். முடியாதாம். மிசினு எடுத்த ஆளைத்தான் கேக்கோணுமாம், ஆளை மாத்துனா கணக்கே கெட்டுப் போயிருமாம். நான் உட்டனா? குடும்பத்தலைவன் நானு, ரேசன் கார்டுல எம்பட பேருதான் மொதல்லன்னேன். அப்ப அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லுச்சுங்க, பொறுமையா.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சொல்றாங்க சார். வாசலுக்கு வர்றவங்க, முன்னால வந்து பேசுறவங்க, இவங்களையே கேட்டுக்கிட்டுப் போனா, கடைசியில பேசுறவங்க கணக்கு மட்டும்தான் எங்க கையில இருக்கும்."

இருந்தா என்னங்க? பேசறவன்கிட்டத்தான விசயம் இருக்கும்? இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது வெளங்கல. உங்க கொசுக் கணக்குலயும் இப்படித்தானா? பாருங்க, என்ன அநியாயம்.

அப்புறம் தனியாப் பேசோணும்னு சொல்லிட்டு, ரெண்டு பேரும் உள் ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திட்டாங்க. என்ற ஊட்டுல, என்னை வெளிய உட்டுட்டு. நான் டிவியைப் போட்டுட்டு, சத்தத்தைக் கொறைச்சு வெச்சுட்டு ஒக்காந்திருந்தேன். ஒண்ணும் காதுல உழல. ஒரு தடவை இவ சிரிச்சா. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மூக்கைச் சிந்தற சத்தம். சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். கடைசியில வெளிய வந்து, வாயில பஞ்சு மாதிரி ஒண்ணை வெச்சு, அதைக் குழாயில போட்டு மூடுனாங்க. எச்சில்ல பொகையிலைச் சரக்கு இருக்குதான்னு பாக்கறதுக்காமா. எங்கிட்டயும் எடுத்துக்கம்மா, நல்லா இருக்கும்னேன். வேண்டாம் சார்னு சொல்லிருச்சு. காப்பியைக் குடிச்சுட்டுப் போயிருச்சு.

என்ன கேட்டுச்சு, நீ என்ன சொன்னேன்னு இவகிட்டக் கேட்டேன். கேட்டதுக்குச் சொன்னேன்னா. அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மத்தியானம் இவளுக்குப் போனு வந்துச்சு. முடிவு தெரியோணும்னா சொல்றோம்னு அப்பவே கேட்டிருந்தாங்களாம், இவளும் வேணும்னு சொல்லியிருக்கா. போனு பேசிட்டு வந்து, சோத்தைப் போட்டுட்டு, ரசம் ஊத்தற மாதிரி சாதாரணமாச் சொல்றா:

"என்ற எச்சில்ல பொகையிலை இருக்குதாம்."

எனக்குக் கையில எடுத்த சோறு வாய்க்குப் போகல. பொயிலை போடறயான்னு கேட்டேன். என்ற மூஞ்சியையே பாத்தா. போட்டாத்தான் என்னங்க, நீங்க ஊதறீங்க, நான் மெல்லக்கூடாதான்னா. கூடாதுன்னா கூடாது, நம்ம ஊட்டுப் பொம்பளைங்க யாராச்சும் போட்டிருக்காங்களான்னேன். மோர் ஊத்தட்டுமான்னு கேட்டா.

இப்ப நீங்களே சொல்லுங்க, இது ஒப்புத்துக்கறதா இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லோணுமில்ல? எத்தனை பேரைப் புடிச்சிருப்பேன், என்ற ஊட்டுலயே ஒருத்தி டிக்கெட் இல்லாமப் போயிட்டு வந்துட்டு இருந்திருக்கா. அன்னைக்கே செக்கிங்கை ஆரம்பிச்சுட்டேன்.

அவ கோயிலுக்குப் போற நேரம் பாத்து அடுப்படியில பூந்தேன். கடுகு டப்பா, பருப்பு டப்பா, புளிப் பானை, ஒண்ணு உடாம மோந்து பாத்தேன். தலைகாணி உறைக்குள்ள பாத்தேன். முனைக்கடை செட்டியார்கிட்ட நைசா, எங்க ஊட்டுல இருந்து வெத்தலை பாக்குக்கூட வேற என்ன வாங்கறாங்கன்னு விசாரிச்சேன். அவரு, வேற என்னங்க, உங்க சிகரெட்டுத்தான்னாரு. மத்தியானம் அவ தூங்கறப்பக் கிட்டக்கப் போயிப் பல்லைப் பாத்தேன். நல்லா வெள்ளையா இருந்துச்சு. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம், இத்தனை சுத்தமா மறைக்கறான்னா எத்தனை நாளுப் பழக்கமா இருக்கும்?

பீரோவுல அடித்தட்டுல, சேலைக்கு அடியில ஒரு துணி மூட்டை. மாட்டிக்கிட்டயான்னு பிரிச்சேன். என்ற பழைய வேட்டியெல்லாம் கிழிச்சு, ஓரம் தெச்சு, சின்னச் சின்னதாக் குழந்தைத் துணி. கைக்குட்டை மாதிரி மெத்துன்னு மடிச்சு வெச்சிருந்தா. பொயிலை வாசம் இருக்குதான்னு மோந்தேன், சோப்பு வாசம்தான். அதை அப்படியே கட்டி வெச்சுட்டேன். எனக்கு வேண்டியது அது இல்லையே.

ஒண்ணும் கெடைக்கலீன்னதும் நேரா மேலிடத்துக்கே போயிட்டேன். அந்தக் கணக்கெடுப்பு ஆளுங்க சம்பத் நகர்ப் பக்கம் ஒரு ஊடு புடிச்சுத் தங்கியிருந்தாங்க. அங்க ஒரு பெரிய மேடம், டாக்டரு. அம்மா, என்ற சம்சாரம் பொயிலைப் பழக்கத்துல உழுந்துட்டா, நீங்க அதை எப்படி நிறுத்தறதுன்னு சொல்லிக் குடுக்கோணும்னேன். அந்தம்மா, யாருகிட்ட என்ன எடுத்தோம், என்ன வந்துச்சுன்னு நாங்க அடுத்தவங்களுக்குச் சொல்லக்கூடாது சார், புருசனா இருந்தாலும்னாங்க. உங்க ஊட்டம்மாகிட்டயே கேளுங்கன்னாங்க. நான் நகரல. அப்புறம் ஒரு பெருமூச்சு உட்டுட்டு, பொதுவா ஒண்ணு சொல்றேன் சார்னு ஆரம்பிச்சாங்க.

பொகையிலையைத் தொடாத ஆளுக்கும் எச்சில்ல அந்தச் சரக்கு வருமாம். ஊட்டுக்குள்ள ஒருத்தரு புடிச்சாப் போதுமாம், கூட இருக்கறவங்க மூச்சு வழியாப் போயிருமாம். மெல்லறவங்களுக்கு அந்த அளவு எங்கயோ ஒசரத்துல நிக்குமாம், சும்மா மூச்சு வாங்குனவங்களுக்குக் கீழ நிக்குமாம். அந்த அளவைப் பாத்தே இது மென்னதா, மூச்சுல போனதான்னு பிரிச்சிருவாங்களாம். இந்த மாதிரி எத்தனை ஊடுன்னு தெரிஞ்சாத்தான் சட்டம் போடறவங்ககிட்ட வாதாட முடியும், அதுக்குத்தான் இத்தனை பேரும் வெயில்ல அலையறோம்னாங்க.

நல்ல விசயம்தானுங்க. நானும் மெச்சிக்கிட்டேன். அந்த மாதிரி ஊடுகளைப் புடிச்சு அவனுங்களுக்கு நல்லாப் புத்தி சொல்லுங்கம்மா, ஆனா அது எங்க ஊட்டுக்குப் பொருந்தாது, நான் சன்னல் ஓரமாத்தான் புடிக்கறேன், ஃபேனு போட்டுத்தான் புடிக்கறேன்னேன். அந்தம்மா, தண்ணி குடிக்கறீங்களா சார்னாங்க.

சிரிக்கறீங்களே. இருங்க, இன்னும் இருக்குது.

அவங்களால முடியாதுன்னு ஆனதும், இவ தம்பி மயில்சாமியை வரச்சொன்னேன். பெருந்துறையில மாவு மில்லு வெச்சிருக்கான். அக்கா மேல உசுரு. அவன் கேட்டா இவ சொல்லிருவா. ஞாயித்துக்கெழம வந்தான். ஹால்ல ஒக்கார வெச்சு, ஆதியோட அந்தமா எடுத்துச் சொன்னேன். எச்சில்ல சரக்கு, கேட்டா மழுப்பறது, பல்லு வெள்ளை, எல்லாத்தையும். அவன் நெளிஞ்சுக்கிட்டு, ஏனக்கா, மச்சான் சொல்றது நெசமான்னு கேட்டான்.

இவ சேலைத் தலைப்புல கையைத் தொடச்சுட்டு வந்தா. வந்து, சன்னல் ஓரம் என்ற சேருல ஒக்காந்தா. அந்தச் சேருல அவ ஒக்காந்து நான் பாத்ததே இல்லீங்க.

"மயில்சாமி, நான் எதையும் மெல்லல. எனக்குள்ள இருக்கறது இவரு ஊதுனது. இவரு ஊதிட்டு அணைச்சுப் போட்டுட்டு வெளிய போயிருவாரு. நான் இந்த ஊட்டுக்குள்ளதான் கெடக்கறேன்."

சன்னலைத் தொறந்து வெச்சுத்தான்னு நான் ஆரம்பிச்சேன். அவ என்ற பக்கம் திரும்பல. தம்பியைப் பாத்தேதான் பேசறா. கோகிலாவை அவங்க அனுப்பாம இல்லைன்னா. சம்மந்தி மேல தப்பில்லைன்னா.

"நான்தான் வராதே அம்மிணின்னு சொன்னேன். எனக்கு ஆனது ஆயிருச்சு. வயித்துல இருக்கறதுக்கு எதுக்கு இது?"

பஸ்ஸு கெளம்பறப்பக் கம்பியைப் புடிக்காம நின்னா ஒரு ஆட்டு ஆட்டுமில்லீங்க? வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு தடவை அப்படி ஆட்டி, ஒரு கெழவி மடியிலயே போயி உழுந்திருக்கேன். அந்த மாதிரி ஆயிருச்சு. உழுகறதுக்குத்தான் அங்க யாரு மடியும் இல்ல.

ஏன் எங்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேன். அப்பத்தான் என்னைப் பாத்தா.

"எத்தனையோ வருசமாச் சொன்னனுங்க. நீங்க ஃபேனைப் போட்டீங்க."

மயில்சாமி எந்திரிச்சு வெளிய போயிட்டான், செருப்பைத் தேடற மாதிரி. இவ எந்திரிக்கல, ஒக்காந்தே மிச்சத்தையும் சொன்னா. அந்தப் பொண்ணு கதவைச் சாத்திட்டு, இந்த ஊட்டுக்குள்ள பொகை இருக்குதா, உங்களுக்கு அது எப்படி இருக்குதுன்னு கேட்டுச்சாம். என்னைத்தான் கேக்கறயா கண்ணுன்னு இவ கேட்டாளாம். உங்களைத்தான்மான்னு சொல்லுச்சாம். அதுக்குத்தான் அன்னைக்கு மூக்கைச் சிந்துனது. சளி இல்லீங்க.

மறுநாள் தாராபுரத்துக்கு ஒத்தையில போனேன். வாழைப்பழத்தாரு ஒண்ணு எடுத்துட்டு. சம்மந்தி, என்னங்க திடீர்னுன்னாரு. சும்மா இந்தப் பக்கம் ஒரு சோலி, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னேன். போனுல பேசுனதைப் பத்தி நானும் பேசல, அவரும் பேசல. வாழையிலை போட்டுச் சோறு போட்டாரு. அந்த மனுசன் பெரிய மனுசனுங்க. கோகிலா கிட்டக்க வந்து, அப்பா எளைச்சுட்டீங்கன்னா. புள்ளை வயித்தைப் புடிச்சுட்டு நடக்கறதைப் பாத்ததும் பேச்சு வரல. எனக்கே பேச்சு வரலைன்னா பாத்துக்குங்க.

சிகரெட்டை உட்டது அதுக்காக இல்லீங்க, அதையும் சொல்லிருறேன். வெலையைக் கண்டபடி ஏத்திட்டானுங்க. சரக்கும் முந்தி மாதிரி இல்ல. நானா உடோணும்னு நெனச்சு உட்டதுதான். பெரியாஸ்பத்திரியில அதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காரு, மெல்லறதுக்கு ஒரு மருந்து குடுத்தாரு. லேசா இருக்கும்னு நெனச்சேன். எங்கப்பன் சத்தியமா லேசில்லீங்க. காப்பி குடிச்சாக் கை தானாச் சட்டைப் பையைத் தடவும். எல்லாரு மேலயும் எரிஞ்சு உழுந்தேன், பால்காரன்கூடச் சண்டை, கேபிள்காரன்கூடச் சண்டை. நடுவுல ஒருக்காத் தோத்துட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிப் புடிச்சுட்டு வந்தேன். வந்ததும் இவளுக்குத் தெரிஞ்சு போச்சு, ஆனா ஒண்ணும் சொல்லல. தட்டுல வறுத்த கடலையைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போயிட்டா. சொல்லியிருந்தாக்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

ஹாலுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். அடிக்க வந்த ஆளு மேல அண்ணாந்து பாத்துட்டு, இங்க வெறகடுப்பு வெச்சிருந்தீங்களாங்கன்னு கேட்டான். ஆமாம்பா, முந்திக் குடியிருந்தவங்கன்னு சொல்லிட்டேன். சொந்த ஊடுதான். என்ன பண்றது.

பேரன் பொறந்தான். தாராபுரத்துலதான். ஆஸ்பத்திரியில ஒறம்பரையெல்லாம் கை மாத்திக் கை மாத்தி வாங்கிப் பாத்தாங்க. சம்மந்தியம்மா எங்கிட்டக் கொண்டாந்து நீட்டுனாங்க. எனக்குச் சளி புடிச்சிருக்குது, அப்புறம் வாங்கிக்கறேன்னு கதவுகிட்டயே நின்னுட்டேன். கோகிலா என்னைப் பாத்தா, அவங்கம்மாவைப் பாத்தா. இவ குழந்தைக்குத் துணி மாத்திட்டிருந்தா. அந்தப் பழைய வேட்டித் துணிதான்.

அதோட இவளும் எங்கிட்ட அதைப் பத்திப் பேசவே இல்ல. நிறுத்திட்டீங்களான்னு ஒரு வார்த்தை? பரவால்லைன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம். நானும் எப்படிங்க கேப்பேன், நான் நிறுத்திட்டேன் பாத்தயான்னு? மாசம் ஓடிட்டே இருந்துச்சு. பேரன் குப்புற உழுந்துட்டான்னு போட்டோ வருது. எப்பக் கூட்டீட்டு வரலாம்னு நான் கேக்கறது, பாக்கலாம்னு இவ சொல்றது. அந்தப் பாக்கலாமுக்கு மேல ஒரு அடி நகரல.

அங்க பாருங்க, காங்கயம் கோபுர வெளக்குத் தெரியுது. மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்லிருறேன்.

இந்தத் திங்கக்கெழம பெனிட்டா மறுபடியும் போனு பண்ணுச்சு. அதே ஆளுங்களை ஆறு மாசம் கழிச்சு இன்னொருக்காக் கேக்கோணுமாம், ஏதாச்சும் மாறியிருக்குதான்னு கணக்குப் பாக்கறதுக்கு. இவ மாவு பெசஞ்சுட்டு இருந்தா, கையெல்லாம் மாவு. போனை ஸ்பீக்கர்ல போட்டுத் திண்டு மேல வெச்சுட்டா. நான் ஹால்ல பேப்பர் படிச்சுட்டு இருக்கேன். வேணும்னு ஒட்டுக் கேக்கலீங்க, காதுல உழுந்துச்சு. ஒவ்வொண்ணாக் கேட்டுட்டு வந்து அந்தப் பொண்ணு கேக்குது, உங்க வீட்டுக்குள்ள யாராவது புகை பிடிக்கிறாங்களாம்மா, தினமுமா, வாரத்துக்கு ஒருக்காவா, மாசத்துக்கு ஒருக்காவா, இல்லவே இல்லையான்னு.

இவ ஒடனே சொல்லல. நான் பேப்பரை மடிக்கக்கூட இல்ல, அப்படியே ஒக்காந்திருக்கேன். அந்த பஸ் ஸ்டாண்டு சமாச்சாரம் வேற மனசுல ஓடுது. அது ஊட்டுக்குள்ள இல்லைன்னு சொல்லலாமான்னு பாத்தேன், ஆனா கேக்கறது என்னை இல்லையே.

"இல்லவே இல்லை கண்ணு."

நிச்சயமாம்மான்னு அந்தப் பொண்ணு மறுபடியும் கேட்டுச்சு. நிச்சயந்தான்னா இவ. அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. அது அந்தப் பொண்ணுக்கு டேப்புல ஒரு அமுக்கு, அவ்வளவுதான். எனக்குப் பேப்பர்ல எழுத்தெல்லாம் கலங்கிப் போச்சு. கண்ணாடியை மாத்தோணும், ரொம்ப நாளாச்சு.

அந்தப் போனு முடிஞ்சதும் கையைக் கழுவுனா. ஹால் பக்கம் திரும்பி ஒரு பார்வை பாக்கோணுமே, பாக்கல. அதே போனை எடுத்துக் கோகிலாவுக்குப் போட்டா.

"அம்மிணி, தொட்டில் கட்ட மேல கொக்கி மாட்டியாச்சு. வெள்ளிக்கெழம நானும் உங்கப்பனும் வர்றோம். பொறப்பட்டு இரு."

கொக்கியெல்லாம் ஒண்ணும் மாட்டலீங்க. அவ அப்படிச் சொன்னதைக் கேட்டுட்டுத்தான் நான் எந்திரிச்சுப் போயி ஏணியை எடுத்தேன்.